தரைப்பலகைக்கு அடியில் இருந்த கவிதைகள்

சென்ற வாரம், 1919 மார்ச் முதல் தேதி கொரியத் தெருக்களில் திரண்ட கூட்டத்தைப் பார்த்தோம். அந்தக் கூட்டத்தைத் துப்பாக்கியால் கலைத்த ஜப்பானிய ஆட்சி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மொழியிலேயே கைவைத்தது. 1938-ல் பள்ளிகளில் கொரிய மொழி கட்டாயப் பாடமாக இருந்த நிலை போனது. 1940-ல் ‘தோங்கா இல்போ’, ‘சோசொன் இல்போ’ என்ற இரு பெரிய நாளிதழ்களும் இழுத்து மூடப்பட்டன. கொரியர்கள் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நெருக்கடியும் அதே ஆண்டில் வந்தது. அந்தக் காலத்தில் கொரிய மொழியில் கவிதை எழுதி, தன் பெயரில் ஒரு நூலைக்கூட அச்சில் பார்க்காமல் 27 வயதில் சிறையில் இறந்துபோனார் ஓர் இளைஞர். பெயர் யூன் தோங்ஜு.

அவர் பிறந்த ஊர் கொரியாவில் இல்லை. பஞ்சத்துக்கும் அடக்குமுறைக்கும் தப்பித் தூமன் ஆற்றைக் கடந்து மஞ்சூரியாவில் குடியேறிய கொரியர்கள் உருவாக்கிய மியோங்தோங் என்ற கிராமம் அது. இன்று சீனாவின் ஜிலின் மாகாணத்தில் இருக்கிறது. 1917 டிசம்பர் 30-ல் தோங்ஜு பிறந்த அதே வீட்டில், மூன்று மாதம் முன்பு அவருடைய அத்தை மகன் சோங் மொங்கியூ பிறந்திருந்தார். தாத்தா கிறிஸ்தவ சபையின் மூப்பர். தாய்மாமன் கிம் யாக்யொன் அந்த ஊரில் பள்ளி தொடங்கியவர். கொரிய உணர்வு சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்ட வீடு அது.

மொங்கியூ துடிப்பானவர். 1935-ல், பதினேழு வயதில், ‘தோங்கா இல்போ’ நடத்திய இலக்கியப் போட்டியில் பரிசு வாங்கினார். தோங்ஜு அமைதியானவர், கூச்ச சுபாவம். தன் கவிதைகளின் கீழே தேதி குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு 1934-ன் இறுதியில் தொடங்கியது. அந்த நல்ல பழக்கத்தால்தான் அவர் மனம் எந்த நாளில் எங்கே நின்றது என்று இன்று நம்மால் பின்தொடர முடிகிறது. பெக் சொக் என்ற கவிஞரின் ‘மான்’ தொகுப்பு 1936-ல் 100 பிரதிகள் மட்டும் அச்சானது. விலைக்கு வாங்கக் கிடைக்காததால் நூலகத்தில் உட்கார்ந்து முழு நூலையும் கையால் படியெடுத்துக்கொண்டார் தோங்ஜு.

பியோங்யாங்கில் அவர் படித்த சூங்சில் பள்ளி, ஜப்பானியரின் ஷிண்டோ ஆலயத்தில் வணங்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்தபோது அவரும் அங்கிருந்து வெளியேறினார். தந்தை மருத்துவம் படிக்கச் சொன்னார். மகன் இலக்கியம்தான் என்று பிடிவாதமாக நின்று, 1938-ல் சோலில் யொன்ஹி கல்லூரியில் சேர்ந்தார். இன்றைய யொன்செய் பல்கலைக்கழகம் அதுதான்.

அங்கேதான் ஜொங் பியோங்உக் வந்து சேர்கிறார். இரண்டு வகுப்பு இளையவர். இருவரும் சேர்ந்து இன்வாங் மலையடிவாரத்தில் ஓர் எழுத்தாளர் வீட்டில் தங்கினார்கள். 1941 இறுதியில், படிப்பு முடியும் தறுவாயில், 19 கவிதைகளை ஒரு தொகுப்பாக்கினார் தோங்ஜு. முதலில் அதற்கு ‘மருத்துவமனை’ என்று பெயர் வைக்க நினைத்தார். உலகமே நோயாளிகளால் நிறைந்திருக்கிறது என்பது அவர் எண்ணம். பிறகு ‘வானமும் காற்றும் விண்மீனும் கவிதையும்’ என்று மாற்றினார். 77 பிரதிகள் அச்சிட ஆசை. ஆங்கிலப் பேராசிரியர் ஈ யாங்ஹா கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்தார். தணிக்கைக்காரர்கள் விடமாட்டார்கள், மாணவனுக்கு ஆபத்து வரும் என்று பயந்து, பொறுத்திருக்கச் சொன்னார். தோங்ஜு மூன்று பிரதிகளைக் கையால் எழுதினார். ஒன்று பேராசிரியருக்கு, ஒன்று பியோங்உக்குக்கு, ஒன்று தனக்கு.

அந்தக் கவிதைகளில் அப்படி என்ன ஆபத்து? முழக்கம் இல்லை. எதிரியின் பெயர்கூட இல்லை. இரவு வானம், கிணறு, ஊரில் இருக்கும் அம்மா, சிறுவயதுத் தோழிகள் என்றுதான் போகின்றன. அடிமை நாட்டில் தான் மட்டும் மரத்தடியில் நிம்மதியாகப் படிக்கிறோமே என்ற வெட்கம் அந்த வரிகளுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோபத்தை எழுதிய கவிஞர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. தன்னையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்ட இந்த இளைஞரின் குரலைத்தான் நான் அவர்களைவிட மேலாக மதிக்கிறேன்.

அந்த வெட்கம் அவரை ஒரு முறை நேரடியாகவே சுட்டது. ஜப்பானில் மேல்படிப்பு படிக்கக் கடல் கடக்க வேண்டும். அனுமதிக்கு ஜப்பானியப் பெயர் வேண்டும். 1942 ஜனவரி 24-ல், துருவேறிய செம்புக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும் கவிதை ஒன்றை எழுதினார். அந்தத் தாளின் ஓரத்தில் கிறுக்கல்கள். பயண அனுமதி, வாழ்வு, பிழைப்பு என்ற பொருளில் தனித்தனிச் சொற்கள் சிதறிக் கிடக்கின்றன. ஐந்து நாள் கழித்து, கல்லூரிப் பதிவேட்டில் ‘ஹிரனுமா’ என்று தன் பெயரை மாற்றிக்கொண்டார்.

தோக்கியோவின் ரிக்கியோ பல்கலைக்கழகத்தில் சில மாதங்கள். பிறகு கியோட்டோவில் தோஷிஷா பல்கலைக்கழகம். மொங்கியூவும் அதே நகரில் படித்தார். 1943 ஜூலையில் காவல்துறை முதலில் மொங்கியூவையும், சில நாட்களில், 14-ம் தேதி, தோங்ஜுவையும் பிடித்தது. கொரிய மொழியும் பண்பாடும் அழிவது பற்றியும் விடுதலை பற்றியும் நண்பர்களோடு பேசினார்கள் என்பதுதான் குற்றம். அமைதிக் காப்புச் சட்டத்தின்கீழ் ஆளுக்கு இரண்டு ஆண்டு சிறை. கியோட்டோவில் தோங்ஜு எழுதியவற்றைக் காவல்துறை பறித்துக்கொண்டது. அவற்றில் ஒரு கவிதையும் திரும்பக் கிடைக்கவில்லை.

1945 பிப்ரவரி 16-ல் ஃபுகுவோகா சிறையில் தோங்ஜு இறந்தார். தந்தி கிடைத்துத் தந்தையும் உறவினர் ஒருவரும் ஓடினார்கள். எலும்பும் தோலுமாக இருந்த மொங்கியூவைப் பார்த்தார்கள். தங்களுக்கு ஏதோ ஊசி போடுகிறார்கள் என்று அவர் சொன்னார். அடுத்த மாதம் அவரும் இறந்தார். அது மருத்துவச் சோதனை என்ற சந்தேகம் இன்றும் உண்டு. உறுதிசெய்யும் ஆவணம் இல்லை. கொரியா விடுதலையடைந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 15. ஆறே மாதம்!

இனி அந்த மூன்று பிரதிகளின் கதை. பேராசிரியரிடம் இருந்ததும் தோங்ஜுவிடம் இருந்ததும் காணாமல் போயின. பியோங்உக்கை 1944 ஜனவரியில் ஜப்பானியப் படைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போகும் முன் அவர் தென்கடலோரம் குவாங்யாங் பகுதியின் மாங்தொக் துறையில் இருந்த தன் வீட்டுக்குப் போய், பிரதியை அம்மாவிடம் கொடுத்தார். நானும் தோங்ஜுவும் திரும்பி வராவிட்டால், விடுதலைக்குப் பிறகு இதைக் கல்லூரிக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தாய் தரைப்பலகையைப் பெயர்த்து, அடியில் ஒரு சாடிக்குள் அதை ஒளித்து வைத்தார். இப்படிப்பட்ட கவிதைகள் சிக்கினால் ஆபத்து வரக்கூடிய காலத்தில், தேடி வந்தவர் கண்ணில் படாமல் அவர் அதைக் காத்தார். மகன் உயிரோடு திரும்பியதும் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். மது வடிக்கும் இடமும் குடியிருப்பும் சேர்ந்த அந்த வீட்டைத் தென் கொரிய அரசு பண்பாட்டுச் சின்னமாகப் பாதுகாக்கிறது.

1948 ஜனவரியில் நூல் வெளிவந்தது. பியோங்உக் காத்த 19 கவிதைகளோடு, காங் சோஜுங் என்ற நண்பர் வைத்திருந்த தோக்கியோ கவிதைகள் முதலியனவும் சேர்ந்து மொத்தம் 31. மூத்த கவிஞர் ஜொங் ஜியோங் முன்னுரை எழுதினார். கொடுமை என்னவென்றால், நாடு இரண்டாகப் பிளந்தபின், 1955 பதிப்பில் அந்த முன்னுரை இல்லை. கொரியப் போரில் காணாமல் போன ஜொங் ஜியோங்கின் எழுத்தே தெற்கில் 1988 வரை தடைசெய்யப்பட்டிருந்தது. காங் சோஜுங்கின் பெயரும் நெடுங்காலம் மறைக்கப்பட்டது. தோங்ஜுவைக் காப்பாற்றியவர்களையே அவருடைய நாடு மறந்துபோக வைத்தது.

பியோங்உக் பின்னாளில் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கொரிய இலக்கியப் பேராசிரியரானார். தனக்கு அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் ‘வெண்நிழல்’. அது தோங்ஜு கவிதை ஒன்றின் தலைப்பு. பியோங்உக்கின் தங்கை தோங்ஜுவின் தம்பியை மணந்தார்.

கைதானபோது தோங்ஜு மாணவராக இருந்த தோஷிஷா பல்கலைக்கழகம், அவர் இறந்து சரியாக 80 ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரி 16-ல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. யொன்ஹி கல்லூரியில் அவருக்குக் கொரிய மொழி கற்பித்த சே ஹியொன்பே, 1942-ல் வேறொரு வழக்கில் சிறை சென்றவர். அகராதி தொகுத்ததற்காக அவரோடு கைதான மொழியறிஞர்களின் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)