புஷ்பமாலா என்.

புஷ்பமாலா என். (பிறப்பு: 1956, பெங்களூரு) தன் உருவத்தையே ஊடகமாக்கிய இந்தியப் புகைப்படக் கலைஞர். பரோடாவில் சிற்பம் பயின்றவர். சுடுமண் சிற்பங்களால் முதலில் கவனம் பெற்றார். 1990களின் நடுவில் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார்.

‘ஃபேண்டம் லேடி’ (1996–98) மும்பையில் கருப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட புகைப்படக் கதை. முகமூடியும் தொப்பியும் அணிந்த அந்த வீரநாயகி, 1930களின் சாகச நடிகை நாடியாவுக்குச் செலுத்திய மரியாதை.

புஷ்பமாலாவின் முதன்மைப் படைப்பாகச் சொல்லத்தக்கது, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து உருவாக்கிய ‘தென்னிந்தியப் பூர்வகுடிப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்’ (2000–04). ஓவியர் ரவி வர்மாவின் அச்சுப்படத்தில் தாமரைமேல் நிற்கும் லட்சுமி, சாட்டை சுழற்றும் ஜெயலலிதாவின் திரைப்பட ஸ்டில் என, நம் கண்ணில் ஊறிப்போன படங்களுக்குள் அவரே புகுந்து நிற்கிறார். சேலை மடிப்பு, நகை, பின்திரை எல்லாம் மூலப்படத்தை ஒட்டியவை. ஆனாலும் வேஷம் வேஷமாகவே தெரியும். அந்தச் சிறு இடைவெளியில்தான் இத்தொடரின் உயிர் இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சிக்கால மானுடவியலாளர்கள் பழங்குடிப் பெண்களைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி உடலை அளந்து படமெடுத்தார்கள். அதேபோன்ற திரைக்கு முன் புஷ்பமாலா தன்னை நிறுத்திக்கொண்ட, இத்தொடரின் இன்னொரு படம் பார்ப்பவரைக் கூசவைக்கிறது. அளக்கப்பட்டவர்களின் சம்மதத்தை அன்று யார் கேட்டார்கள்?

இத்தொடரின் படங்களைத் தற்படம் என்பதைவிட, ‘தென்னிந்தியப் பெண்’ என்ற பிம்பம் உருவான விதத்தின் ஆவணம் என்பதே பொருந்தும்.