எசூர் வேதம் பிறந்த கதை

எங்கள் பக்கம் ஏலம் என்றால் இரண்டு. மலையில் காய்ப்பது ஒன்று, போடியில் விடுவது ஒன்று. பொட்டிபுரத்திலிருந்து மேற்கே தெரியும் மலைகளில் விளையும் காய் பொறுக்கி, சலித்து, மூட்டையாகிப் போடிக்கு வந்துவிட்டால், அது யார் தோட்டத்தில் காய்த்தது என்பது விற்பவர் வாய்ச்சொல்தான். ஏல மையத்தில் இப்போது கம்ப்யூட்டரில் விலை கேட்கிறார்கள். சாம்பிள் மட்டும் இன்னமும் கைக்கு வந்தாக வேண்டும். ஒரு பெரியவர் நாலு காயை உள்ளங்கையில் கொட்டி, ஒன்றை நகத்தால் கிழித்து, உள்ளே விதை கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாயில் போட்டார். “எந்த எஸ்டேட் காய்ங்கய்யா?” என்று கேட்டேன். “எஸ்டேட்டு பேரு விக்கிறவன் வாயில இருக்கு தம்பி. காய் என்ன சொல்லுதுன்னு பாரு” என்றார்.

விற்றவர்கள் வாயிலெல்லாம் வேறு வேறு பேர் வாங்கிய புத்தகம் ஒன்று உண்டு. அதுதான் எசூர் வேதம். எசூர் என்பது யசுர் என்பதன் பிரெஞ்சுத் திரிபு.

இதன் வேர் மதுரையில் இருக்கிறது. நாயக்கர் ஆட்சியில் மதுரைக்கு 72 பாளையங்கள். எங்கள் போடியும் அவற்றில் ஒன்று. அந்த மதுரைக்கு 1606-இல் ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் வந்தார். வயது 29. அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் பல வருடமாக அங்கே இருந்தார். உள்ளூர் மேல்சாதியில் ஒருவரும் அவர் பக்கம் வரவில்லை. மாடு தின்கிற, குடிக்கிற பரங்கியின் மதம் என்று ஒதுக்கினார்கள். நொபிலி பரங்கிக் கோலத்தைக் கழற்றிப் போட்டார். காவி உடுத்தி, புலால் விட்டு, பிராமணச் சமையற்காரரை வைத்துக்கொண்டு, தனி வீட்டில் குடியேறினார். தமிழும் தெலுங்கும் படித்தார். சிவதர்மர் என்ற பண்டிதரிடம் வடமொழி கற்றார். தத்துவ போதகர் என்பது ஊர் அவரை அழைத்த பேர்.

வேதங்களில் ஒன்று தொலைந்துபோனது என்று பிராமணர்கள் பேசக் கேட்டார் நொபிலி. அந்தத் தொலைந்த வேதத்தைத்தான் நான் கொண்டுவந்திருக்கிறேன் என்று பிரசங்கம் செய்தார். அவர் சொன்னது கிறிஸ்தவ மறையை. சக பாதிரியார்களே அவர்மேல் ரோமுக்குப் புகார் எழுதினார்கள். பூணூலும் குடுமியும் சந்தனமும் பிராமணக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்புச் சொன்னார். நொபிலி 1656-இல் மயிலாப்பூரில் காலமானார். ஆனால் ‘தொலைந்த வேதத்தைக் கொண்டுவந்த சாமியார்’ என்ற பேச்சு அவரோடு போகவில்லை.

நூறு வருடம் தள்ளி வருவோம். 1760-இல் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் கைக்கு ஒரு கையெழுத்துப் பிரதி வந்து சேர்ந்தது. கொடுத்தவர் இந்தியாவிலிருந்து திரும்பியிருந்த மோதாவ் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி. பிரெஞ்சில் எழுதிய நூல். சுமந்து என்ற முனிவரும் வியாசரும் பேசிக்கொள்வதாக அமைப்பு. வியாசர் புராணக் கதைகளைச் சொல்லச் சொல்ல, சுமந்து அதெல்லாம் பொய், கடவுள் ஒருவரே, உருவ வழிபாடு தவறு என்று அடித்துப் பேசுவார்.

வோல்தேருக்குக் கிடைத்தற்கரிய சரக்கு. திருச்சபையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் அவர். பைபிளுக்கு முன்பே இந்தியாவில் தூய ஒரு தெய்வக் கொள்கை இருந்தது என்று காட்ட இதைவிட என்ன வேண்டும்? அலெக்சாந்தர் படையெடுப்புக்கு முந்தைய நூல் என்றார். ஸ்ரீரங்கத்தின் தலைமை அர்ச்சகரே இதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார் என்றும் எழுதினார். அரங்கன் சந்நிதியில் நிற்பவரா உருவ வழிபாட்டைப் பழிக்கும் நூலைப் பெயர்த்துக் கொடுப்பார் என்று நம் ஊர்ப் பிள்ளைகூடக் கேட்கும். பாரிசில் கேட்க ஆள் இல்லை. 1761-இல் பிரதி பிரெஞ்சு அரசரின் நூலகத்துக்குப் போனது. 1778-இல் சுவிட்சர்லாந்தின் இவெர்தோனில் இரண்டு பாகமாக அச்சேறியது.

நான்கே வருடத்தில் குட்டு உடைந்தது. இந்தியாவில் பயணம் செய்த சோனெரா 1782-இல் வெளியிட்ட நூலில், இது வேதமே அல்ல, மசூலிப்பட்டினத்தில் ஒரு பாதிரியார் எழுதிய கண்டன நூல் என்று எழுதினார். வேடிக்கையைப் பாருங்கள். இந்துக்களை மதம் மாற்றப் பாதிரியார் செய்த ஆயுதத்தை எடுத்துத்தான் வோல்தேர் பாதிரியார்களையே அடித்திருக்கிறார்.

எந்தப் பாதிரியார்? இங்கேதான் எல்லீஸ் துரை வருகிறார். குறளுக்கு உரை எழுதிய, தமிழர் ‘எல்லீசன்’ என்று அழைத்த அதே எல்லீஸ். பாண்டிச்சேரியில் பாதிரியார்கள் சேர்த்துவைத்திருந்த பிரதிகளை அவர் பார்த்தார். எசூர் வேதத்தோடு இன்னும் சில ‘வேதங்கள்’ இருந்தன. ஒரு பக்கம் ரோமன் எழுத்தில் வடமொழி, எதிர்ப்பக்கம் பிரெஞ்சு. எழுதியது நொபிலி என்று அங்கிருந்த கிறிஸ்தவப் பெரியவர்கள் சொன்னார்கள். எல்லீஸ் அதைப் பதிந்தார். ஆனால் காயைக் கிழித்தும் பார்த்தார். வேதம் என்பது அந்தப் பக்கங்களில் ‘பேதோ’ என்று இருந்தது. வகரம் பகரமாகி, அகரம் ஒகரமாகும் வங்காளத்து வாய். மதுரையில் வடமொழி படித்தவர் வாயில் அது வராது. 1819-இல் ராமநாதபுரத்தில் எல்லீஸ் இறந்துபோனார். கட்டுரை 1822-இல்தான் அச்சில் வந்தது. அதில் வங்காள உச்சரிப்பும் இருந்தது, நொபிலி பேரும் இருந்தது. படித்தவர்கள் பேரைப் பிடித்துக்கொண்டார்கள். வேதத்தைப் போலியாகச் செய்தவர் என்ற பழி நொபிலி தலையில் ஏறியது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு ஜோடி உண்டு. 1649 ஜனவரி 30-இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டினார்கள். உடனேயே ‘ஐக்கன் பசிலிக்கே’ என்ற நூல் கடைக்கு வந்தது. மன்னரே எழுதிய ஜெபமும் மனக்குமுறலும் என்று. அந்த ஒரு வருடத்தில் மட்டும் முப்பது பதிப்புக்கு மேல். மில்டனே எதிர்நூல் எழுத வேண்டியதாயிற்று. முடியாட்சி திரும்பிய பிறகு, அதை எழுதியவன் நான்தான் என்றார் ஜான் காடன் என்ற பாதிரியார். மன்னர் பேரில் இருந்தவரை அது தியாகியின் வாக்கு. காடன் பேருக்கு மாறினால், பிஷப் பதவிக்கு அவர் கேட்ட கூலிக்கணக்கு.

எசூர் வேதத்துக்கு அப்படி உரிமை கேட்டு யாரும் வரவில்லை. 1984-இல் லூடோ ரோஷே என்ற அறிஞர் எல்லாப் பிரதிகளையும் எடுத்துவைத்து ஆராய்ந்தார். நூல் முதலில் எழுதப்பட்டதே பிரெஞ்சில்தான், பதினெட்டாம் நூற்றாண்டில், பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார்களால் என்பது அவர் முடிவு. நொபிலி இத்தாலியர், இறந்து நூறு வருடம் ஆனவர். கல்மேத், மொசாக், போன்ஸ் என்று பல பேர்களை எடைபோட்டுப் பார்த்தும் இவர்தான் என்று ரோஷேயால் அறுதியிட முடியவில்லை.

போடிப் பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பல்லிடுக்கில் இருந்த ஏல விதையை நாக்கால் தள்ளிக்கொண்டே கேட்டார். “சீரங்கத்துக்காரர் பேரச் சொன்னா பாரிசுல விலை ஏறும். மதுரச் சாமியார் பேரச் சொன்னா பாண்டிச்சேரியில நம்புவாங்க. எழுதுனவன் பேரச் சொல்லியிருந்தா?”

“யாரும் வாங்கியிருக்க மாட்டாங்கய்யா.”

“அப்புறம் எப்படிச் சொல்லுவான்?” என்றபடி அடுத்த சாம்பிளைப் பிரித்தார்.