ஸ்ட்ராவின்ஸ்கியின் சினிமாக் கசப்பு

1913இல் பாரிஸ் அரங்கைக் கொந்தளிக்க வைத்த இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தத்தின் சடங்கு’, 1940இல் வால்ட் டிஸ்னியின் ‘ஃபேன்டேசியா’வில் டைனோசர்களின் அழிவுக்குப் பின்னணி இசையாயிற்று. பகுதிகள் வெட்டப்பட்டன, வரிசையும் மாறியது. முன்னோட்டத்தின்போது யாரோ தம்மிடம் இசைக்குறிப்பை நீட்டியதாகவும், தம்மிடமே ஒரு பிரதி உண்டு என்றதற்கு ‘எல்லாம் மாற்றப்பட்டுவிட்டது’ எனப் பதில் வந்ததாகவும் அவர் பின்னாளில் கசப்போடு நினைவுகூர்ந்தார். அமெரிக்காவில் அப்படைப்புக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை. மறுத்திருந்தாலும் பயன் இருந்திராது என்பது அவர் வாதம்.

நாம் இதை முழுதாக ஏற்கத் தயங்குகிறோம். ‘நெருப்புப் பறவை’ உட்பட மேலும் மூன்று படைப்புகளைப் படமாக்கும் உரிமைக்கு அதே டிஸ்னியுடன் 1940இலேயே அவர் ஒப்பந்தம் செய்திருந்தாரே! பிறகு ஹாலிவுட் படங்களுக்கென அவர் எழுதியவை எவையும் திரையேறவில்லை. ‘ஜேன் அயர்’ படத்தை எண்ணி எழுதிய பகுதி, 1943இல் ‘ஓட்’ என்னும் கச்சேரிப் படைப்புக்குள் அடைக்கலம் புகுந்தது. திரையிசையைச் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளுக்கு ஒப்பிட்டு அவர் இகழ்ந்தது அதற்கும் பிறகு, 1946இல்.