ஜ என்கிற பூவும், பல்லவ ராஜாவோட ப்ரொஃபைல் நேமும்

மக்களே, ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருந்த மேட்டர். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கம்ப்யூட்டர், கொஞ்சம் சொந்தக்கதை. பொறுமையா படிங்க.

நான் ஸ்கூல் படிக்கிறப்ப எங்க அண்ணன் ஆர்க்குட்லயே குடியிருந்தான். (ஆர்க்குட்டை 2014 செப்டம்பர்ல மூடிட்டாங்க. தெரியாத பொடிசுகளுக்காகச் சொல்றேன்.) அவனோட நண்பர்கள்ல ஒரு பிரேசில்காரன். அந்தாளு பேருக்கு ரெண்டு பக்கமும் துவாரபாலகர் மாதிரி ரெண்டு 'ஜ' நிக்கும். ஆமாங்க, நம்ம ஜ தான்! "உனக்குத் தமிழ் தெரியுமா?"ன்னு அண்ணன் கேட்டதுக்கு, "அது எழுத்தா? பூன்னு நெனச்சேன்"ன்னு பதில் வந்துச்சாம். :-)

அவன் மட்டும் இல்லை. அந்தக் காலத்துல உலகம் பூரா ப்ரொஃபைல்லயும் கமெண்ட்லயும் ஓடின டிசைன் அது. ரெண்டு ஓரத்திலும் ஜ. அதுக்கு உள்ளே, குர்ஆன்ல சஜ்தா செய்ய வேண்டிய இடத்தைக் காட்டுற குறி. நட்டநடுவுல, குர்ஆனைப் பகுதி பிரிச்சுக் காட்டுற நட்சத்திரக் குறி. போட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு ரெண்டுமே என்னன்னு தெரிஞ்சிருக்காது. பார்க்க அழகா இருக்கு, அவ்ளோதான்.

இப்ப வரலாறு. இந்த ஜ எங்கேர்ந்து வந்துச்சு? இது கிரந்த எழுத்து. சமஸ்கிருதத்தை எழுத நம்ம பக்கம் உருவான எழுத்துமுறை கிரந்தம். அதோட பழைய வடிவம் பல்லவர் காலத்துக் கல்வெட்டுகள்ல இருக்கு. அதைப் பார்க்க நான் ரொம்ப தூரம் போக வேண்டாம். செங்கல்பட்டுல பஸ் ஏறினா திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம். அங்கேர்ந்து வடக்கே கொஞ்ச தூரத்துல சாளுவன்குப்பம். எல்லாரும் புலிக்குகை முன்னாடி போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. அதே வளாகத்துல அதிரணசண்ட மண்டபம்னு ஒரு குடைவரை இருக்கு. அதோட சுவர்ல ராஜசிம்மனோட (சுமார் கி.பி. 700-728) பட்டப்பெயர்கள் இருக்கு: அதிரணசண்டன், அத்யந்தகாமன், ஸ்ரீபரன், ரணஜயன். ரணஜயன்ல வர்ற ஜ இருக்கே, அதுதான் பிரேசில்காரன் பூவோட தாத்தா!

பல்லவ ராஜாக்களுக்குப் பட்டப்பெயர்னா உயிர். முதலாம் மகேந்திரவர்மனை எடுத்துக்குங்க. விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன், சத்ருமல்லன், சித்திரகாரப்புலி... பல்லாவரம் குகையில இவரோட பட்டங்களை வரிசையா வெட்டி வெச்சிருக்காங்க. (2019ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானப்ப பல்லாவரமும் நம்ம மாவட்டத்துக்கு வந்துடுச்சு. குகை இப்ப தர்காவா இருக்கு.) மாமல்லபுரம் தர்மராஜ ரதத்துல மேல் தளங்கள்ல சிற்பங்களுக்குப் பக்கத்துல பட்டங்கள் இருக்கு. அதெல்லாம் எந்த ராஜாவோடதுன்னு பெரிய சண்டையே உண்டு. 1962ல் இரா. நாகசாமி, மாமல்லபுரம் மொத்தமும் ராஜசிம்மன் வேலைன்னு எழுதினார். எல்லாரும் ஒத்துக்கலை.

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனா ராஜசிம்மன் அடிச்சு ஆடியிருக்கார். சுற்றுச் சன்னதிகள்ல 200க்கும் மேல பட்டங்கள். அதையும் ஒரே மாதிரி எழுதலை. வரிசை வரிசையா, கிரந்தத்துலயும் நாகரியிலயும், சிலது கொடி மாதிரி சுருண்டு, நெளிஞ்சு, வால் நீண்டு. இன்னிக்குப் பசங்க ஒரே பேரை எட்டு ஸ்டைல்ல மாத்திப் பார்த்துட்டு "எது மச்சி கெத்தா இருக்கு?"ன்னு கேக்குறாங்களே, அது 1300 வருஷம் முன்னாடியே நடந்திருக்கு.

சரி, இன்னிக்குப் பசங்க பண்றது என்ன? இன்ஸ்டா, வாட்ஸப்ல பேரைப் பட்டையா, சாய்வா, கோத்திக் மாதிரி போடுறாங்களே, அது ஃபாண்ட்டுன்னு பலபேர் நெனைக்கிறாங்க. இல்லவே இல்லைங்க. 2001ல் யூனிகோட் 3.1 வந்தப்ப கணிதத்துக்காகக் கிட்டத்தட்ட ஆயிரம் எழுத்துகளைச் சேர்த்தாங்க. கணக்குல சாதா 'வி' வேற, பட்டை 'வி' வேற. ஒண்ணு வேகம், இன்னொண்ணு திசையோட சேர்ந்த வெக்டர். அந்த வித்தியாசம் தொலையக் கூடாதுன்னு ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண் கொடுத்தாங்க. நம்மாளுங்க அந்தக் கணக்குக் குறிகளைப் பொறுக்கி வரிசையா அடுக்கிப் பேர் எழுதுறாங்க. கண்ணுக்கு அது 'ஏ' மாதிரி தெரியும். கம்ப்யூட்டருக்கு அது 'ஏ' இல்லை, ஒரு கணிதக் குறி.

தமிழுக்கு இந்த மாதிரி பட்டை, சாய்வு எழுத்துகள் யூனிகோட்ல கிடையாது. கணக்குல நம்ம எழுத்தைப் போட்டு உலகம் எழுதலையே! 2014ல் யூனிகோட் 7.0ல கிரந்தத்துக்கே தனி இடம் வந்துச்சு. ஆனா அது கிரந்தத்தை எழுதுறதுக்கு, அலங்காரத்துக்கு இல்லை. அதனால தமிழ்ப் பையனும் பேரை அழகா போடணும்னா இங்கிலீஷுக்குப் போயிடுறான்.

இதுல என்ன பிரச்சினைன்னு கேக்குறீங்களா? சொந்தக்கதைக்கு வர்றேன்.

ஒரு நண்பனோட அப்பாவுக்கு ஆபரேஷன். அவசரமா ரத்தம் தேவை. மெசேஜ் ரெடி பண்ற வேலை என்கிட்ட வந்துச்சு. கண்ணுல படணுமேன்னு அந்த அலங்கார எழுத்துல குரூப், வார்டு, போன் நம்பர் எல்லாத்தையும் பளிச்சுன்னு மாத்தி எல்லா குரூப்லயும் போட்டேன். எங்க காலேஜ் நண்பன் ஒருத்தனுக்குப் பார்வை கிடையாது. போன் படிச்சுச் சொல்றதைக் கேட்டுத்தான் எல்லா வேலையும் பார்ப்பான். அவனுக்கு அதே குரூப் ரத்தம், வீடும் அந்த ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனா அவன் வரலை. எனக்குக் கொஞ்சம் வருத்தம் கூட. ராத்திரி போன் பண்ணினான்.

"மச்சி, நீ என்னமோ கணக்குப் பாடம் அனுப்பியிருக்கேன்னு நெனச்சேன்டா. 'மேத்தமேட்டிகல் போல்ட் கேபிடல்'னு ஒவ்வொரு எழுத்துக்கும் சொல்லிட்டே போச்சு. பாதியில நிறுத்திட்டேன். விஷயம் என்னன்னு இப்பதான் தெரியும். ஏன்டா, எனக்குச் சொல்லக் கூடாதுன்னு இருந்தியா?"

பதிலே வரலைங்க எனக்கு. வேற ரெண்டு பேர் கொடுத்துட்டாங்க, அப்பாவும் நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டார். ஆனா அந்தக் கேள்வி இன்னும் காதுல இருக்கு. இன்னொரு அத்தை, தன் பழைய போன்ல வெறும் கட்டம் கட்டமா வந்துச்சுன்னு அப்புறமா சொன்னாங்க.

அதுக்கப்புறம்தான் திரும்ப சாளுவன்குப்பம் போனேன். அந்த மண்டபத்துல நான் முன்னாடி கவனிக்காத ஒண்ணு. ஒரு பக்கச் சுவர்ல கிரந்தத்துல வெட்டின அதே சமஸ்கிருத விஷயத்தை, எதிர்ப் பக்கத்துல நாகரி எழுத்துல திரும்ப வெட்டியிருக்காங்க. தென்னாட்டு எழுத்து தெரிஞ்சவன் இங்கே படிக்கலாம், வடநாட்டு எழுத்து தெரிஞ்சவன் அங்கே படிக்கலாம். அவ்வளவு பகட்டு பிடிச்ச ராஜாவே, வர்றவனுக்குப் புரியட்டும்னு ஒரே விஷயத்தை ரெண்டு தடவை வெட்ட வெச்சிருக்கார்னுதான் எனக்குத் தோணுது.

செங்கல்பட்டுக்குப் பக்கத்துல வல்லம் குகை இன்னும் எளிமை. மகேந்திரவர்மனுக்குக் கீழே இருந்த கந்தசேனன், ராஜாவோட பட்டங்களையும் தன் அப்பா பேரையும் சொல்லி, இதை நான் செய்வித்தேன்னு தமிழ்லயே வெட்டி வெச்சிருக்கார்.

எதிர் உதாரணமும் இருக்கு. மத்தியப் பிரதேசத்துல விதிஷா பக்கம் உதயகிரி குகைகள்லயும், வடநாட்டுல இன்னும் பல இடத்துலயும் 'சங்கு லிபி'ன்னு ஒண்ணு இருக்கு. எழுத்தைச் சங்கு மாதிரி சுருட்டிச் சுருட்டி எழுதினது. பெரும்பாலும் ஆட்களோட பேரா, கையெழுத்தா இருக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் நெனைக்கிறாங்க. ஆனா எல்லாரும் ஒத்துக்கற மாதிரி இன்னிவரைக்கும் யாரும் அதைப் படிக்கலை. பேரு நிலைக்கணும்னு பாறையில வெட்டினவன் பேரு என்னன்னு தெரியலை. அலங்காரம் நிலைச்சுது, ஆள் காணாம போயிட்டான்.

பல்லவ எழுத்துக்கும் அந்த கதி வந்திருக்கும். இடையில எழுத்து மாறிப் போய் அதைப் படிக்கிறதே அபூர்வமாயிடுச்சு. சென்னையில கும்பெனி உத்தியோகம் பார்த்த பெஞ்சமின் பாபிங்டன் (பரமார்த்த குரு கதையை 1822ல் இங்கிலீஷ்ல போட்டவர் இவர்தான்) உட்கார்ந்து படிச்சு, மாமல்லபுரம் கல்வெட்டுகளைப் பத்தி எழுதினது 1830ல் அச்சாச்சு. அவரால முடிஞ்சதுக்குக் காரணம், எவ்வளவு சுருண்டாலும் அடியில எழுத்து எழுத்தாவே இருந்துச்சு. சிற்பி ஜ-வுக்கு வால் நீட்டினான், ஜ-வை மாத்தலை. நாம பண்றது நேர்மாறு. வடிவத்தை அப்படியே வெச்சுட்டு எழுத்தையே வேற ஒண்ணா மாத்திடுறோம்.

அலங்காரமே வேண்டாம்னு சொல்லலைங்க. படமா போடுங்க, ஃபாண்ட்ல போடுங்க. வாட்ஸப்ல ரெண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டா பட்டை எழுத்து வருமே, அதுல எழுத்து மாறாது. பேரை எப்படி வேணா போட்டுக்குங்க, அது உங்க பட்டம். போன் நம்பரையும் ரத்த குரூப்பையும் மட்டும் சாதாவா விடுங்க, ப்ளீஸ்.

டிஸ்கி: என் ப்ரொஃபைல்ல இருந்த அலங்காரப் பேரை எடுத்துட்டேன். அதைப் படிச்சுக் கேட்டுட்டு அவன் சொன்னது: "இப்பதான்டா நீ நீயா இருக்கே." :-)