கொடி என்னும் வகுப்பு: ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ் ஏழாம் பாகத்தை முன்வைத்து ஒரு விசாரணை

ஆலுவாவில் பெரியாற்றங்கரையை ஒட்டிய பழைய வீட்டு மனைகளுள், கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் இடையே நிற்கும் முள்முருக்கின்மேல் மிளகுக் கொடி ஏறிப் படர்ந்திருப்பது இன்றும் காணக்கூடிய காட்சி. இலைகளைக் கையால் விலக்கிச் சற்றே நிதானித்துப் பார்ப்பவர்க்கு அந்த ஒரே கொடியில் மூன்று விதமான தண்டுகள் தென்படும். மரப்பட்டையோடு ஒட்டிக் கணுவுக்குக் கணு குறுவேர் விட்டு மேலேறுவது ஒன்று. அதனைக் ‘கேறுதல’ என்பர். அதினின்று பக்கவாட்டிற் கிளைத்து, பற்றுவேர் இன்றி, திரியையும் காயையும் தாங்கி நிற்பது மற்றொன்று, அது ‘கண்ணித்தல’. அடியினின்று புறப்பட்டுத் தரையோடு ஊர்ந்து செல்வது மூன்றாவது. அதற்குச் ‘செந்தல’ என்று பெயர், புதுக் கொடி நடுவதற்குக் குடியானவர் முதன்மையாகத் தேடுவதும் இதனையே. இம்மூன்றையும் பிரித்துப் பெயரிட்டவர்கள் எந்தக் கலாசாலையிலும் தாவர சாஸ்திரம் பயின்றவர்களல்லர். எனினும் பயின்றவர்கள் பின்னாளில் நுணுகி ஆராய்ந்து எழுதிய பேதமும் இதுவே.

இதனை முதலிற் கூறியதற்குக் காரணம் உண்டு. உஷ்ணப் பிரதேசத்துக் கொடிகளை ஒரு தனி வகுப்பாக முதன்முதலில் விரிவாகத் தொகுத்துப் படத்துடன் அச்சேற்றிய நூல் இவ்வூருக்கு அணித்தேயுள்ள கொச்சியில் உருவாயிற்று. அவ்வகுப்பு ஐரோப்பியரின் கண்ணிலிருந்து பிறந்ததன்று, இந்நாட்டார் வழங்கிய பெயர்களின் வழியே அவர்கள் காதிற் புகுந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1670 முதல் 1677 வரை மலபாரில் டச்சுக் கம்பெனியின் தலைமை அதிகாரியாயிருந்த ஹென்ரிக் வான் ரீடே, தாமே தாவரப் பண்டிதர் அல்லர். போர்ச்சேவகத்திலிருந்து உயர்ந்த ஆட்சியாளர். கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், கொங்கணி வைத்தியர்களாகிய ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட், கார்மெலைட் துறவி மத்தேயு பாதிரியார் ஆகியோர் சொல்லச்சொல்ல, ஓவியர் வரைய, துபாஷிகள் மொழிபெயர்க்க, லத்தீனில் உருவான ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ் 1678 தொடங்கி 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்தது. வான் ரீடே 1691இல் கடற்பயணத்திலேயே மரித்தமையால் கடைசிப் பாகத்தை அவர் காணவில்லை. 742 தாவரங்களை விவரிக்கும் அந்த மகாகிரந்தத்தில் முதல் ஆறு பாகங்கள் பெரும்பாலும் மரங்களையும் செடிகளையும் பற்றியவை. 1688இல் வெளிவந்த ஏழாம் பாகம் ஏறிப் படரும் கொடிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

அவ்வொதுக்கீடு எங்கிருந்து வந்தது? கிரேக்க ஆசிரியர் தியோபிராஸ்டஸ் காலந்தொட்டு ஐரோப்பியக் கல்வி அறிந்திருந்த பெரும் பிரிவு மரம், புதர், சிறுபுதர், பூண்டு என்ற நான்கே. கொடிக்கு அதில் தனி இருக்கை இல்லை. ஐவியும் ஹாப்புக் கொடியும் போலச் சிலவே படரும் குளிர் நாட்டில் அதற்கு அவசியமும் நேரவில்லை. நம்முடைய மரபுகளும் இதில் ஒருமிக்கவில்லை என்பதை மறைத்தல் தகாது. தொல்காப்பிய மரபியல் வெளியில் வைரமுள்ளது புல், உள்ளே வைரமுள்ளது மரம் என்று வைரத்தைக் கொண்டு இருகூறாக்கியது. கொடி அவ்விரண்டுள் ஒன்றில் ஒதுங்கவேண்டியதுதான். சரக சம்ஹிதையோ தாவரங்களை நான்காக வகுத்து, படரும் இயல்புடையவற்றுக்கு ‘வீருத்’ என்று தனிப்பெயர் தந்தது. மருந்தைக் காட்டிற் சென்று பறிப்பவனுக்கு, அது நிற்பதா படர்வதா என்பது முதற் கேள்வியல்லவா? இலக்கணம் கேட்ட கேள்வி வேறு, வைத்தியம் கேட்ட கேள்வி வேறு.

இட்டி அச்சுதன் 1675ஆம் ஆண்டு ஏப்ரலில் தம் மொழியில் எழுதிக்கொடுத்து முதற்பாகத்தில் அச்சான சாட்சிப் பத்திரம் இவ்விடத்தில் முக்கியப் பிரமாணமாகிறது. தம் குடும்பத்துச் சுவடியிற் கண்டவற்றையும் நீண்ட அநுபவத்தால் அறிந்தவற்றையும் சொல்லியதாக உறுதிகூறும் அவர், சொன்ன பொருள்களை எண்ணுமிடத்து மரம், செடி, பூண்டு என்பவற்றோடு நிறுத்தாமல் கொடியையும் தனியே எண்ணுகிறார். ஏழாம் பாகம் அச்சேறுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அப்பாகத்துக்குரிய தலைப்பு அவ்வைத்தியர் வாயில் வந்துவிட்டது.

இது கொச்சியில் மட்டும் நிகழ்ந்த தற்செயலன்று என்பதற்கு அம்போன் தீவு சாட்சி. அங்கே அதே கம்பெனியின் ஊழியராயிருந்து, கண்பார்வை இழந்த பின்னும் விடாது உழைத்த ரம்ஃபியுஸ், தம் அம்போன் மூலிகை நூலில் காட்டுக் கொடிகளுக்குத் தனியொரு புத்தகம் வகுத்தார். அவற்றுக்கு அவர் சூட்டிய லத்தீன் பெயர் ‘ஃபூனிஸ்’, அதாவது கயிறு. மலாய் மொழியார் படர்கொடிகளை ‘தாலி’ என்பர். அதற்கும் கயிறு என்பதே பொருள். ஆக அவர் செய்தது மொழிபெயர்ப்பே. இருவர், வெவ்வேறு கடற்கரைகளில், ஐரோப்பாவில் இல்லாத ஒரே வகுப்பை வந்தடைந்தனர் என்றால், அடர்ந்த காடு ஒரு காரணம், அக்காட்டில் வாழ்ந்தோர் வாய்ச்சொல் மற்றொரு காரணம் என்று கொள்வதே பொருத்தம். காடு மட்டுமே காரணம் என்பார்க்கு, ‘ஃபூனிஸ்’ என்ற சொல்லே விடை.

ஏழாம் பாகத்துப் பெயர்களும் இவ்வாறே பேசுகின்றன. மிளகு ‘மொளகுகொடி’ என்றும், வெற்றிலை ‘பேத்லகொடி’ என்றும் அங்கே எழுதப்பட்டுள்ளன. எட்டாம் பாகத்திலோ ‘பெரும்காக்குவல்லி’ முதலிய ‘வல்லி’ப் பெயர்கள் வருகின்றன. வளர்த்தது கொடி, காட்டில் தானே வளர்ந்தது வல்லி என்று விதி கட்ட ஆசை எழுவது இயல்பு. யானும் சில நாள் அவ்வாசையில் இருந்தேன். ஒன்பதாம் பாகத்தில் வரும் ‘வெளுத்தகாக்ககொடி’ என்னும் காட்டுக்கொடி அவ்விதியை முறித்துப் போட்டது. பெயரின் ஈறு படரும் இயல்பைச் சுட்டுகிறதேயன்றி அதற்குமேல் எதையும் சுமக்கவில்லை.

அது மட்டுமன்று, வகுப்பு முற்றும் தூய்மையாகவும் இல்லை. பூசணி, பீர்க்கு, பாகல் இனங்களும் அவரை இனங்களும் எட்டாம் பாகத்துக்குப் போயின. கடற்கரை மணலிற் படரும் அடம்பு பதினொன்றாம் பாகத்தில் உள்ளது. கனியும் நெற்றும் வேறு கணக்கிற் சேர்க்கப்பட, எஞ்சிய கொடிகள் ஏழாம் பாகத்தில் தங்கின என்று தோன்றுகிறது. பல கைகள் பட்ட நூலில் இத்தகைய கலப்பு வியப்புக்குரியதன்று.

ஆனால் ஏழாம் பாகத்துள்ளேயே நுழைந்து நோக்கினால், கொடி என்ற வெளிவேலிக்குள் வேறொரு ஒழுங்கும் இயங்குவதைக் காணலாம். முதல் தகட்டில் நிற்பது, மீனை மயக்கும் விதையுடைய காக்கைக்கொல்லி. அதன் சுற்றமாகிய சீந்திலும் இப்பாகத்திலேயே இருக்கிறது. மிளகும் காட்டுத்திப்பிலியும் வெற்றிலையும் பன்னிரண்டாம் தகடு முதலாகச் சில தகடுகளுக்குள் நெருங்கி நிற்கின்றன. இம்மூன்றும் ஒரே பேரினம் என்பதை இன்றைய தாவரவியலும் ஒப்பும். இலையின் நரம்பையும் உறைப்பையும் திரியையும் நோக்கி உறவறிந்த கண் ஒன்று அங்கே வேலை செய்திருக்கிறது. அது படரும் இயல்பை மட்டும் பார்த்த கண்ணன்று.

இந்நாட்டைப் பாராத லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட ஸ்பீசீஸ் பிளான்டாரும் என்னும் நூலில் இந்த வேலி பிரிக்கப்பட்டது. மகரந்தத் தாள்களை எண்ணும் அவர் முறையில் மிளகு இரண்டு தாள் உடையவற்றோடும், செங்காந்தள் ஆறு தாள் உடையவற்றோடும் சென்று சேர்ந்தன. பல கொடிகள் மரங்களோடும் பூண்டுகளோடும் குடித்தனம் நடத்தலாயின. எனினும் மிளகுக்குப் பிரமாணமாக அவர் காட்டியவற்றுள் ஏழாம் பாகத்து மொளகுகொடியும் ஒன்று. படத்தை எடுத்துக்கொண்டார், இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பிழை செய்தார் என்பது என் கருத்தன்று. படரும் இயல்பு பரம்பரை உறவைக் காட்டுவதன்று. நூற்றுக்கு மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் அது தனித்தனியே தோன்றியிருக்கிறது. தடித்த அடிமரம் எழுப்பும் செலவை மிச்சப்படுத்தி, பிறன் முதுகில் ஏறி வெயிலைத் தேடும் இந்த உபாயத்தைப் பாகலும் மிளகும் காந்தளும் ஒன்றையொன்று கேளாமலே கண்டுகொண்டன. உறவை நாடும் பட்டியலில் கொடி என்ற வகுப்பு நில்லாது என்பது உண்மையே. வாழும் முறையை நாடுவோருக்கு அது வேண்டியதாயிருக்கிறது என்பதும் அவ்வளவே உண்மை.

1865இல் சார்லஸ் டார்வின் கொடிகளின் அசைவுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவ்வகுப்பு வேறோர் உருவில் மீண்டது. சுற்றி ஏறுவன, இலையால் பற்றுவன, பற்றுக்கம்பி உடையன, கொக்கியால் தொற்றுவன, வேரால் ஒட்டுவன என்று அவர் பகுத்தார். இலை நுனியே சுருண்டு பற்றும் செங்காந்தளின் இனம் இலையால் பற்றுவனவற்றுள் வந்தது; பற்றுவேரால் முருக்கைத் தழுவும் நம் மிளகு வேரால் ஒட்டுவனவற்றின் பக்கம் நிற்பது. ஆலுவாக் குடியானவரின் ‘கேறுதல’ என்ற சொல்லில் இப்பகுப்பின் ஒரு கூறு முன்பே அடங்கியிருக்கிறது.

இவ்வூருக்கு அருகே பறவூர் வடக்கேக்கரையிற் பிறந்த பேராசிரியர் கே. எஸ். மணிலால், லத்தீனில் அடைபட்டுக் கிடந்த அந்நூலைத் தம் ஆயுளிற் பெரும்பகுதி செலவிட்டு 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாகக் கொணர்ந்த பின்னரே, அச்சுதனின் பேச்சு அவர் நாட்டார்க்குத் திரும்பக் கேட்டது. மூன்று நூற்றாண்டுத் தாமதம் என்று இதனை எளிதிற் கூறிவிடலாம். அத்தாமதத்துக்கு நம் பல்கலைக்கழகங்கள் நாணவேண்டாமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி என் துணிபுக்கு மாறாக நிற்கும் ஒரு பொருளையும் காட்டியாகவேண்டும். கேறுதலையை விடுத்து, காய்க்கும் கண்ணித்தலையை வெட்டித் தொட்டியில் நட்டால், அது எந்த மரத்தையும் நாடாமல், ஏறாமல், நின்ற இடத்திலேயே கிளைத்துக் குத்துச்செடியாகிக் காய்க்கும். மலையாளத்தார் அதனைக் ‘குற்றிக்குருமுளகு’ என்பர். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளின் பக்கத்துச் சந்துகளில் இடமில்லாதார் வீட்டுத் திண்ணையில் அது நிற்பதைக் கண்டிருக்கிறேன். முழங்கால் உயரம், கைப்பிடிக்குச் சற்றுக் கூடிய பச்சைத் திரிகள், பற்றுவேர் ஒன்றுகூட இல்லை. லின்னேயஸின் தாள் எண்ணிக்கை அதற்கும் பொருந்தும். வான் ரீடேயின் ஏழாம் பாகம் பொருந்தாது. இதனைக் கொடி என்பதா என்று அவ்வீட்டு மூதாட்டியைக் கேட்டேன். “கொடியில்தானே முறிச்சது” என்று சொல்லிவிட்டு அவர் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.