கைப்பேசியில் நிகழும் சாதி இழிவும் 'பொதுப் பார்வைக்குட்பட்ட இடமும்'

வாட்ஸ்அப் குழுவில் சாதியைச் சொல்லி ஒருவர் இழிவுபடுத்தப்பட்டால், குற்றம் நிகழ்ந்த இடம் எது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 இக்கேள்விக்கு விடை கோருகிறது. அதன் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளின்படி, அவமதிப்பும் சாதிப்பெயர் சொல்லி வைவதும் 'பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில்' நிகழ்ந்திருக்க வேண்டும். பொதுமக்கள் எவருமில்லாத நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்தது இதில் அடங்காது என ஹிதேஷ் வர்மா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் கூறியது.

எதிர்த்தரப்பு இனிப் பற்றிக்கொள்ளப்போவது இதைத்தான்: மூடிய குழுவும் நான்கு சுவர்தானே?

அல்ல என்பதே எங்கள் வாதம். சேலம் செவ்வாய்ப்பேட்டையையே எடுத்துக்கொள்வோம். செவ்வாய்ச் சந்தையால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் பகுதி. மண்டிகளும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் நெருங்கிய தெருக்கள். அங்கே ஒரு தெருவினர் நடத்தும் குழுவில் இரவில் எழுதப்படும் வசவைப் படிப்பவர்கள், மறுநாள் காலை பாதிக்கப்பட்டவரைக் கடையிலும் பட்டறையிலும் நேரில் காண்பவர்கள். எந்தத் தெரு என்று கேட்டே சாதியை அறிந்துகொள்ளும் நாட்டில், முகமறியா இணையம் என்பது நகரத்து மேல்சாதியினருக்கு மட்டுமே வாய்த்த சொகுசு. அக்குழு அறையன்று, சந்தை.

ஊரும் கைப்பேசியும் பிரிந்து இயங்குவதில்லை என்பதை இவ்வட்டாரம் கசப்புடன் அறியும். ஓமலூர் கோகுல்ராஜ் 2015 ஜூனில் கொல்லப்பட்ட பின், தேடப்பட்டுவந்த யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப் ஒலிப்பதிவுகள் வழியே பேசிக்கொண்டிருந்தார். ஆள் ஊரில் இல்லை, குரல் இருந்தது. பின்னர் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் அவருக்கும் மற்றவர்களுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

நீதிமன்றங்களும் இத்திசையில் நகர்ந்துள்ளன. இணையத்தில் ஏற்றப்பட்ட காணொளியை ஒருவர் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவர் அங்கு உடனிருப்பதாகவே கொள்ள வேண்டும் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியது. முகநூல் பதிவைத் தனிப்பட்டதென அமைத்துக்கொள்வது மட்டுமே ஒருவரைக் காப்பாற்றிவிடாது எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2017இலேயே சொன்னது. எனினும் அவ்வழக்கில் பதிவு பொதுப்படையானது, குறிப்பிட்ட எவரையும் சுட்டவில்லை என்பதால் முதல் தகவல் அறிக்கை ரத்தானது. புகார் எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: இழிவு யாரைக் குறித்தது, அதைக் கண்டவர் யார் யார் என்பவை புகாரிலேயே இடம்பெறட்டும்.

சமூகம் முழுவதற்கும் எதிராகப் பகை மூட்டும் பதிவென்றால் 3(1)(யு) பிரிவைச் சேர்க்கக் கோருங்கள். அதில் இடம் பற்றிய நிபந்தனையே இல்லை.

பதிவிட்டவர் கோவையிலோ துபாயிலோ இருக்கலாம். 'எங்கள் எல்லை அல்ல' என்று காவல் நிலையம் திருப்பி அனுப்ப முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவின்படி, கைதுக்குரிய குற்றம் எங்கு நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். திரைப்பிடிப்புடன் நிறுத்தாதீர்கள். செய்தி வந்த கைப்பேசியை அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்குரிய 63ஆம் பிரிவுச் சான்றிதழ், பாரதிய சாக்ஷிய அதினியத்தின்படி, அதைச் சார்ந்தே அமையும்.