பெரம்பூரில் பிளந்த அணி

அரை மணி நேரம்! சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில், பின்னி கம்பெனியாரின் பக்கிங்காம் ஆலையிலும் கர்நாடிக் ஆலையிலும் உழைத்தவர்க்கு நண்பகல் உணவுக்கென அளிக்கப்பட்டிருந்த நேரம் அவ்வளவுதான். அதற்குள் இயந்திரத்தை விட்டு வெளியே வந்து, முகத்திலும் கையிலும் படிந்த பஞ்சுத் தூசியைக் கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து, உண்டு, சங்கு ஊதுமுன் மீண்டும் தறியின் முன்னே நிற்றல் வேண்டும். நாட்டுக்கு ஆடை நெய்து தந்தவனுக்குச் சோற்றை மென்று விழுங்க நேரமில்லை!

தோழர்களே, கூட்டுப் பேரம் என்று நாம் ஏட்டிலே எழுதுகிறோமே, அது சென்னையில் கருக்கொண்டது இந்த அரை மணியிலேதான். தொழிலாளி ஒருவன் தனியே துரையின் முன் சென்று, "ஐயா, இன்னும் பத்து நிமிடம் தாருங்கள்" என்றால் அது விண்ணப்பம். "பிடிக்காவிட்டால் போ, வாயிலில் நூறு பேர் காத்துக் கிடக்கிறார்கள்" என்பது அதற்குக் கிடைக்கும் விடை. அதையே ஆயிரக்கணக்கானோர் ஒரு குரலாகக் கேட்டால்? வாயிலில் நிற்கும் நூறு பேரைக் கொண்டு அத்தனை தறிகளையும் ஓட்டிவிட முடியாது. அப்போதுதான் முதலாளி நாற்காலியைக் காட்டுகிறார், உட்காரச் சொல்கிறார், கணக்கைப் புரட்டுகிறார்.

1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்திய நாட்டில் ஒழுங்கான அமைப்போடு எழுந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலரும் அதனைக் குறிப்பர். விதை ஊன்றியவர்கள் இருவர்: துணி வணிகர் செல்வபதி செட்டியார், அவர் நண்பர் இராமாஞ்சலு நாயுடு. தலைவராக வந்தவர் பார்சி இனத்தவரான பி.பி. வாடியா, அன்னி பெசன்ட் அம்மையாரின் பிரும்மஞான சபையைச் சேர்ந்தவர். தமிழறியாத அவருக்கும் ஆங்கிலமறியாத தொழிலாளர்க்கும் இடையே தமிழ் முழக்கமாக நின்றவர் திரு.வி.க. உணவு இடைவேளையை நீட்டுக என்பது சங்கத்தின் முதற் கோரிக்கைகளுள் ஒன்று. ஆண்டவனின் கருணையால் அல்ல, அணி திரண்டதால் அது சிறிது நீண்டது.

பகுத்தறிவு பேசும் நாம் ஒன்றை இங்கே மறைக்கக் கூடாது. சங்கத்துக்கு முன் செல்வபதியாரும் நண்பரும் நடத்தி வந்தது பக்திச் சொற்பொழிவுகள் நிகழும் ஒரு சபை. அங்கு வந்த தொழிலாளரின் குறை கேட்டுத்தான் சங்கம் அமைக்கும் எண்ணமே எழுந்தது. பக்தி மேடையிலே உரிமைக் குரல் முளைத்ததைக் கண்டு நாம் வியக்கலாம், வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சபையின் வாயிலைப் புளியந்தோப்புச் சேரியிலிருந்து வந்த ஆதிதிராவிடத் தொழிலாளி தயங்காமல் மிதித்திருப்பானா என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை. இந்தக் கேள்விக்கு மீண்டும் வருவோம்.

1920 டிசம்பரில் தகராறு முற்றியது. ஆலை கதவடைத்தது. காவலர் சுட்டனர், உயிர்கள் போயின. அத்துடன் நில்லாது கம்பெனியார் உயர்நீதிமன்றம் ஏறினர். 'எம்மிடம் வேலை செய்ய ஒப்பந்தப்பட்டவர்களை, ஒப்பந்தத்தை மீறும்படி இவர்கள் தூண்டுகிறார்கள். நட்டஈடு வேண்டும்' என்று வாடியா முதலியோர் மீது வழக்கு. நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. கூலி கேள் என்று தொழிலாளிக்குச் சொல்வது சட்டத்தின் கண்ணில் சதியாகிவிட்டது! 1921 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. அதற்குக் கொடுத்த விலை, வாடியா சங்கத்தை விட்டு விலகியது.

அந்த அநீதி வீண்போகவில்லை. 1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறிற்று. ஏழு பேர் கையொப்பமிட்டால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்று அன்று அச்சட்டம் வகுத்தது. தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற ஒரே காரணங்காட்டிப் பதிவுபெற்ற சங்கத்தின்மீது உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது. வாடியாவைக் கட்டிய கயிறு அறுந்தது. ஆயின் சங்கத்தோடு பேசியே தீரவேண்டும் என்று முதலாளியை அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாய அங்கீகாரத்துக்காக 1947இல் நிறைவேறிய திருத்தம் நடைமுறைக்கு வராமலே போயிற்று. 2024இல் திருப்பெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்கள் எழுப்பிய முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று தங்கள் சங்கத்தின் அங்கீகாரந்தான்.

நீதிமன்றத் தடை சங்கத்தை வீழ்த்தவில்லை. துப்பாக்கியும் வீழ்த்தவில்லை. வீழ்த்தியது எது?

1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் கூலித் தகராறு. ஜூனில் பக்கிங்காம் ஆலையும் நின்றது. ஆனால் ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை; ஆலைக்குள் சென்றனர். அவர்கள் தலைவர் எம்.சி. இராஜாவின் அறிவுரையும் அதுவே. வெளியே நின்றவர்க்கு உள்ளே சென்றவர் துரோகியாகத் தெரிந்தார். ஜூன் இறுதியில் புளியந்தோப்பு பற்றி எரிந்தது. குடிசைகள் சாம்பலாயின, கத்தியும் கல்லும் பேசின. வீடிழந்தோர்க்கு அரசு முகாம் அமைத்தது. ஆகஸ்டு 29ஆம் நாள் காவலர் மீண்டும் சுட்டனர், மீண்டும் பிணங்கள். முதலாளியோடு பேச வேண்டிய வாய்கள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்தன. கம்பெனிக்கு இதைவிட மலிவான வெற்றி வேறுண்டா? அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

'கருங்காலிகள் காட்டிக் கொடுத்தார்கள்' என்று ஒரே வரியில் எழுதி முடிப்போர் உண்டு. வகுப்பறையில் நாமும் ஒருமுறை அவ்வாறே சொல்லிவிட்டோம். பின் வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "வேலைநிறுத்தம் செய்யலாமா என்று அவர்களை முதலில் யாராவது கேட்டார்களா, ஐயா?" என்றான். நமக்கு உடனே விடை வரவில்லை.

ஆலைக்குள்ளே ஒரே இயந்திரம். ஆலைக்கு வெளியே ஊர் வேறு, சேரி வேறு, கிணறு வேறு. கூலி நின்றால் ஊர்க்காரனுக்கு உறவினன் வீட்டு அரிசியோ, கடைக்காரனின் கடனோ உண்டு. சேரிக்காரனுக்கு அதுவும் அரிது. மாலையில் தன்னைத் தீண்ட மறுப்பவன், காலையில் 'தோழனே, பட்டினி கிட' என்று அழைத்தால் அவன் எதை நம்பி வருவான்? பேரம் பேசுவோர் தங்களுக்குள்ளே சமமாக உட்காராதபோது முதலாளியிடம் சரிசமமாக உட்காருவது எங்ஙனம்?

நாம் போற்றும் தலைவர்களும் இதில் தடுமாறினர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிட்டி தியாகராயர் உள்ளிட்ட நீதிக்கட்சியினர், அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டியதே கலகத்துக்குக் காரணம் என்றனர். பார்ப்பனரல்லாதார் அனைவருக்கும் உரிமை கேட்டு எழுந்த கட்சி, அனைவருள்ளும் கடையனாக்கப்பட்டவன் குடிசை எரிந்தபோது அவன் பக்கம் நிற்கவில்லை. பெரியவர்களைப் பெருமைப்படுத்த வரலாற்றை வளைப்பது நமக்கு வேண்டாம். அது புராணிகரின் தொழில்.

1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியேற்றினார். அதே ஆண்டில் எம்.சி. இராஜா, தம்மைச் சார்ந்தோருடன் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார்.